மூடின கையில் என்ன வைத்திருந்தாய்?

என் சந்தேகக்கார அம்மாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் யாராவது உனக்குச் சாப்பாடு போடுகிறார்களா? போட்டால் முதல் வாயை அவர்களையே சாப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தட்டைத் தொட்டிருப்பாய். அந்தப் புத்தியை எனக்கும் கொடுத்துவிட்டுத்தானே போனாய். உன் கைப்பக்குவம் எனக்கு வந்திருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். யாரையும் நம்பாத உன் கண்ணும் வந்திருப்பதை என் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை.

அடுத்த மாதம் உனக்கு வருஷப் படையல். அன்றைக்கு உன் படத்துக்கு முன்னால் நின்று மனசில் இருப்பதைச் சொல்லலாம் என்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். அதற்கு எழுதிவிடுவது மேல். படிக்கிறவர்கள் படிக்கட்டும். பாதிப் பேருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. முகத்துவாரம் மறுபடியும் மணல் மூடிக்கிடக்கிறது, ஏரியில் கடல் தண்ணீர் ஏறாமல் ஆம்பிளைகள் எல்லாரும் எரிந்து விழுகிறார்கள். நீ நாள் தவறாமல் சண்டை போட்ட தெருக்குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு குழாய் வைத்துவிட்டார்கள். அதில் தண்ணீர் வருவதில்லை என்பது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் ஏழுமலை புது நண்டு வலை போட்டிருக்கிறார். நைனா நன்றாக இருக்கிறார்.

நன்றாக இருப்பதுதான் பிரச்சினையே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் காரியம் முடிந்த கையோடு நைனாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஒரே பெண், நான் பார்க்காமல் யார் பார்ப்பது? வந்தவர் சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். பேச்சும் இல்லை. இப்படியே விட்டால் உன் பின்னாலேயே கிளம்பிவிடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நீ என்ன செய்வாய்? சூப் வைப்பாய். யாருக்குச் சளி பிடித்தாலும், யார் பிள்ளை பெற்று வந்தாலும், நைனா மழையில் ஊறி ஏரியிலிருந்து வந்தாலும், நான் பரீட்சையில் கோட்டை விட்டாலும் உனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நண்டு சூப்தான்.

அதுவும் ஒற்றைக் கொடுக்கு நண்டு. இரண்டு கொடுக்கும் சரியாக இருக்கிற சேற்று நண்டைக் கயிற்றால் கட்டி உயிரோடு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவோம். அது விமானம் ஏறி எங்கேயோ போய்விடும். வலையில் மாட்டியோ சண்டை போட்டோ ஒரு கொடுக்கை இழந்த நண்டை வியாபாரி கையாலும் தொடமாட்டான். அதுதான் வீட்டுக்கு. ஒற்றைக் கொடுக்கு நண்டுக்குத்தான் ருசி ஜாஸ்தி என்று நீ அடித்துச் சொல்வாய். விலை போகாததைப் புகழ்ந்து பேசுவது உன் பழக்கம். என்னைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படித்தான் பேசினாய்.

நண்டின் சின்னக் கால்களையும் ஓட்டையும் அம்மியில் வைத்து நசுக்குவாய். பூண்டைத் தோலோடு தட்டுவாய். சின்ன வெங்காயத்தில் கத்தி படக் கூடாது, அதையும் தட்ட வேண்டும். மிளகையும் சீரகத்தையும் வறுக்காமல் இடிப்பாய். அரிசியை இரண்டாம் முறை கழுவின தண்ணீரை ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, மல்லித்தண்டைக் கிள்ளிப் போடுவாய். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

இறக்குகிற நேரத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்து, "ஒண்ணு கொறையுது" என்பாய். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பா அடுக்குப் பக்கம் போவாய். வலது கையை மூடிக்கொண்டு திரும்பி வருவாய். சட்டிமேல் கையை விரித்த வேகத்தில் மூடியையும் போட்டுவிடுவாய். அந்தக் கையில் என்னதான் இருந்தது? சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். நீ படுக்கையில் கிடந்தபோது கடைசியாக ஒரு தரம் கேட்டேன். "சொல்றேன்டி, இப்ப இன்னா அவசரம்"னு சிரித்தாய். அவசரம் இருந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லாமலே போய்விட்டாய்.

நான் வைத்த சூப்பை நைனா இரண்டு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா, நல்லா இல்லியா?"

"நல்லாகீதும்மா. போதும்."

நல்லா இருக்கிற சூப்பை யாராவது இரண்டு வாயோடு நிறுத்துவார்களா? உன்னிடம் அவர் சட்டியைக் கவிழ்த்துக் குடித்ததை நான் பார்த்ததில்லையா? அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி இரண்டு வாய். மறுபடி அதே "நல்லாகீதும்மா".

முதலில் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டேன். கேன் தண்ணீர் வேண்டாம் என்று நீ எடுக்கிற மணல் ஊற்றுக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வந்தேன். பிறகு நிலாமேல் சந்தேகப்பட்டேன். பௌர்ணமி நண்டு உள்ளே ஒன்றும் இல்லாமல் தண்ணீராக இருக்கும் என்று அமாவாசை வரைக்கும் காத்திருந்து வைத்தேன். அமாவாசை நண்டு ஓடு கொள்ளாத சதையோடு இருந்தது. அதுவும் இரண்டு வாய்தான்.

அடுத்தது நண்டுமேலேயே சந்தேகம், ஒற்றைக் கொடுக்கு நண்டு பெரிதாக இருக்க வேண்டுமோ என்று. அந்த வாரம் ஏழுமலையின் வலையில் ஒற்றைக் கொடுக்கு நண்டே விழவில்லை, எல்லாம் இரண்டு கொடுக்கோடு ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. ஊரே கும்பிட்டுக் கேட்கிற வரத்தை நான் சபித்துக்கொண்டு நின்றேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சொன்னால் நீ கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாய். வியாபாரிக்குப் போக வேண்டிய கூடையிலிருந்து பெரிய நண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, நானே ஒரு கொடுக்கை முறித்தேன். இந்த ஏரியைச் சுற்றி இருக்கிற எந்தப் பொம்பளையும் செய்யாத வேலை.

ஏழுமலைக்கு மறுநிமிஷமே தெரிந்துவிட்டது.

"எவ இந்தக் கொடுக்க ஒடிச்சது?"

"வலையிலயே ஒடிஞ்சிருக்கும்."

"வலையில ஒடிஞ்ச கொடுக்குக்கு நான் கயிறு கட்டுவனா?"

நான் அவசரத்தில் கயிற்றை அவிழ்க்க மறந்திருந்தேன். ஒரு பக்கம் கொடுக்கைச் சுற்றி இறுக்கமாகவும், இன்னொரு பக்கம் வெறும் வளையமாகவும் அந்தக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்கம்மா செத்ததிலேர்ந்து நீ சரியில்ல அஞ்சல என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த சூப்பும் இரண்டு வாய்தான் போனது. அப்புறம் சந்தேகப்பட நீ மட்டும்தான் மிச்சம். பெற்ற பெண்ணிடமே மறைத்துவிட்டுப் போனாய் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். பூட்டிக்கிடந்த உன் வீட்டுக்குப் போய் அடுக்கில் உன் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். ஓமம் போட்டுப் பார்த்தேன், சுக்கு போட்டுப் பார்த்தேன், கசகசா போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போனதுதான் மிச்சம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழையபடியே வைத்தேன். உன் படத்துக்குப் பூ வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தினேன். கவனித்திருப்பாய்.

இந்த நேரத்தில்தான் நைனாவின் அரைஞாண் கயிறு என் கண்ணில் பட்டது. வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சோறு இறங்காத மனுஷனுக்கு அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவித் தொங்க வேண்டுமா இல்லையா? அது நீ கடைசியாகக் கட்டிவிட்ட இடத்திலேயே பதிந்து உட்கார்ந்திருந்தது. போதாததற்கு மேலே லேசாகத் தொப்பை வேறு. என் வீட்டில் இரண்டு வாய் குடிக்கிறவர் வேறு எங்கேயோ வயிறு நிறையச் சாப்பிடுகிறார்.

எங்கே? கடையில் உட்கார்ந்து குடிக்கப் போகிறாரோ என்று சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்த்தேன். சாராய நாற்றம் இல்லை. ஆனால் நெஞ்சுப் பக்கம் சிவப்பாக ஒரு சொட்டு காய்ந்திருந்தது. நம் வீட்டில் எதுவும் அந்த நிறத்தில் இல்லை. மிளகாய்ச் சிவப்பும் இல்லை, புளிக்குழம்புச் சிவப்பும் இல்லை, ஏதோ சாயம் போட்ட மாதிரி ஒரு சிவப்பு. அதைக் கழுவாமல் எடுத்து வைத்தேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும் நைனா "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வரேன்"னு துண்டை உதறித் தோளில் போட்டார். பொன்னேரி பஸ் வருகிற பக்கம் போகாமல் மாதா கோவில் பக்கம் திரும்பினார். நான் பத்தடி விட்டுப் பின்னால் போனேன். வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீடு மாதிரி குனிந்து உள்ளே போனார்.

யார் வீடு தெரியுமா? உட்கார்ந்திருக்கிறாயா? சின்னம்மா வீடு.

நைனாவின் தம்பி பெண்டாட்டி. நீ சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் விட்டவள். ஒரு காலத்தில் அவள் ஏரிக்கரையில் நின்று, "மாமா வலைக்குன்னே மீனு வருது"னு சொன்னாள், மறுநாளே நைனாவின் வலை கிழிந்தது. கண்ணு வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாய். வலை பழசு என்று நைனா சொன்னது உன் காதில் ஏறவில்லை. அவள் தெருவில் வந்தால் நீ உள்ளே போவாய், கல்யாண வீட்டில் அவள் பரிமாறினால் நீ இலையை மூடுவாய். உன் பிணத்துக்குப் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்து அழுதபோதுகூட, எதற்கு அழுகிறாள் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் புருஷன் அவள் வீட்டில் சாப்பிடுகிறார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் வந்தது. மூடின கையில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? எப்போதாவது எட்டிப் பார்த்து உன் சூப்பை அப்படியே திருடி வைத்திருக்கிறாளோ? அதனால்தான் நைனா அங்கே போகிறாரோ?

உள்ளே நுழைந்தேன். சின்னப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நைனா தரையில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியோடு பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கிண்ணத்தைப் பின்னால் மறைத்தார்.

"இன்னா சின்னம்மா போடற எங்க நைனாவுக்கு?" என்றேன். "எங்கம்மா சூப்ப எப்ப திருடின?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நைனாவின் பின்னாலிருந்து கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீயே குடிச்சிப் பாரு. உங்கம்மா மாதிரி மோந்து பாத்துட்டே குடி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

குடித்தேன். என்ன கண்றாவி அது! தித்திப்பாக, கொழகொழவென்று, அந்தச் சட்டையில் இருந்த அதே சிவப்பில். உள்ளே சோற்றுப் பருக்கையும் முட்டையும் மிதந்தன. அடுப்பு மேடைமேல் கிழித்த பொட்டலம் கிடந்தது. கடையில் விற்கிற தக்காளி சூப் பொட்டலம். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு பிடி சோற்றைப் போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அமாவாசை நண்டையும் மணல் ஊற்றுத் தண்ணீரையும் இரண்டு வாயோடு தள்ளின மனுஷன் இதை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கூப்டல," என்றாள் சின்னம்மா. "மாமாவா வந்து குந்தினாரு ஒரு நாளு. வூட்ல சோறு இறங்கலனாரு. மீனு வைக்கட்டுமானு கேட்டா வேணாம்னாரு. நண்டு வேணாம்னாரு. பேரப்பிள்ளைக்கு வாங்கி வெச்ச இந்தப் பொட்டலம்தான் இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் நைனா? என் சூப்புல இன்னா கொறையுது? அத மட்டும் சொல்லு. அம்மா கையில இன்னா வெச்சிருந்தா? உனுக்குத் தெரியும், நீயும் மறைக்கற."

நைனா துண்டால் வாயைத் துடைத்தார்.

"உப்பு," என்றார்.

"உப்பு மொதல்லயே போடுவாளே?"

"மொதல்ல போடறது பத்தாது. கடைசில வாய் பாத்து இன்னொரு தபா போடுவா. மொத தபாவே உப்பு சரியா போடற கையினு அவளுக்கு ஊர்ல ஒரு பேரு. ரெண்டாவது தபா போடறது யாருக்கும் தெரியக்கூடாது. அதான் மூடிகினு வருவா. நீயுந்தான் கடைசில வாய் பாத்துப் போடற. நீ தொறந்து போடற, அவ மூடிப் போட்டா. அவ்ளோதான்."

"அப்ப ஒண்ணும் கொறையலியா?"

"இன்னா கொறையுது? உங்கம்மா சூப்பேதான்மா அது. அதான் முடியல." துண்டை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனார். "மொத வாய் வெச்சா அவ பக்கத்துல குந்திகினு இருக்கறா. ரெண்டாவது வாய்க்குத் திரும்பிப் பாத்தா இல்ல. மூணாவது வாய் எப்டிமா முழுங்கறது?"

சின்னம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அந்தக் கொழகொழ சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மிச்சத்தையும் நானே குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நைனாவுக்கு நான் நண்டு சூப் வைக்கவில்லை. இறால் தலையை வறுத்து அரைத்து, முருங்கைக்கீரையும் தக்காளியும் போட்டு ஒரு சூப் வைத்தேன். உன் அடுப்பில் ஒருநாளும் வைத்தது கிடையாது. "இன்னா இது?" என்றார். சூப்பு என்றேன். "இது சூப்பா?" என்றார். முழு டம்ளரும் காலி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பூனைக்கு ஊற்றிவிட்டாரோ என்று வாசலிலும் சாக்கடையிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூனை பட்டினியாகத்தான் இருந்தது.

சின்னம்மா வீட்டுக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினேன். "இதுல இன்னா போட்ட?"னு திறந்து பார்த்து மோந்துவிட்டுத்தான் குடித்தாளாம். சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் அவளுக்கும் உன் புத்தி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இதைச் சொல்வதால் கோபித்துக்கொள்ளாதே. அவள் கண்ணு வைக்கவில்லை அம்மா. வலை பழசுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஏழுமலை ஒரு ஒற்றைக் கொடுக்கு நண்டைக் கொண்டுவந்தார். வலையில் தானாக ஒடிந்தது, கயிறு கட்டாதது, நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். நைனா சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம் பார்த்து எனக்கு மட்டும் உன் சூப்பை வைத்தேன். எந்த அளவும் மாற்றவில்லை. டம்ளரில் ஊற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

நீ போனதிலிருந்து எத்தனையோ தடவை அதை வைத்தேன். ஒரு தடவைகூட நான் அதைக் குடிக்கவில்லை. கரண்டியில் எடுத்து என்ன குறை என்று கண்டுபிடிக்க நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி. அன்றைக்குத்தான் சும்மா குடித்தேன். முதல் வாய் உள்ளே போனதும் நானும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. காரியத்தின்போது வராத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனவளை இத்தனை நாள் திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்திருக்கிறேன்.

படையலுக்கு உன் சூப்பைத்தான் வைக்கப்போகிறேன். நைனாவிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். இரண்டாவது வாய்க்கு அவர் திரும்பிப் பார்த்தால் அங்கே யாராவது இருக்க வேண்டும் இல்லையா? மூன்றாவது வாய் இறங்காவிட்டால் பரவாயில்லை, அந்த டம்ளரை வாங்கி நான் குடித்துவிடுகிறேன்.

உன் ரகசியத்தை இப்படி ஊருக்கே எழுதிவிட்டாளே என்று திட்டாதே. எல்லாருக்கும் தெரிந்த பிறகும், சின்னம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும், இரண்டாவது உப்பை மூடின கையில்தான் எடுத்து வருவேன். உன் பேரை நான் கெடுக்கமாட்டேன்.

உன் கையும் உன் கண்ணும் வாய்த்த ஒரே மகள்,
அஞ்சலை